கண்ணுக்குத் தெரியாத எட்டடி

ரமணாஸ்ரமத்துக்குப் பின்னாலிருந்து கந்தாஸ்ரமத்துக்கு ஏறும் கல்பாதையில் ஓரிடம் இருக்கிறது. மூச்சு வாங்குகிறவர், வாங்காதவர் எல்லோருமே அங்கே நின்றுவிடுவார்கள். கீழே திருவண்ணாமலை மொத்தமும் விரிந்து கிடக்கும். நடுவில் அருணாசலேஸ்வரர் கோயில். கிழக்கே ராஜகோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், உள்ளே வல்லாள மகாராஜா கோபுரம், கிளி கோபுரம் என்று ஒன்பதையும் விரல்விட்டு எண்ணலாம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த கோபுரத்தை இங்கே குனிந்து பார்க்க வேண்டும்.

செல்போன் வைத்திருப்பவர் கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுவார். சரியாக வரவில்லையென்றால் இன்னொரு தட்டு. ஆனால் இப்போதெல்லாம் அந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஒரு பழைய ஃபிலிம் கேமராவும் தென்படுகிறது. தாத்தாவின் பீரோவில் தூங்கிக் கிடந்ததைத் தூசி தட்டி, புது பேட்டரி போட்டு எடுத்து வந்திருக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் இருப்பது 36 படம். ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு கிளிக்கும் நல்ல ஓட்டலில் ஒரு காபிக்குச் சமம். அதனால் அவசரப்படாமல் கண்ணை வைத்துப் பார்க்கிறாள். இடது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கிளை வரக் கூடாது. வலது ஓரத்தில் நிற்கிற பெரியவரின் தோள்பை வரக் கூடாது. அரை அடி முன்னே போய், கால் அடி பின்னே வந்து, இரண்டும் போன பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறாள்.

பத்து நாள் கழித்து லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. இடது ஓரத்தில் கிளை இருக்கிறது. வலது ஓரத்தில் தோள்பையும் இருக்கிறது.

அவள் கை ஆடவில்லை. கண்ணும் பிசகவில்லை. கேமரா அவளுக்கு முழுசாகக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சின்ன ஜன்னலுக்கு வியூஃபைண்டர் என்று பெயர். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 24 மில்லிமீட்டர் உயரம், 36 மில்லிமீட்டர் அகலம். ஃபிலிமில் விழுவது அவ்வளவும். ஜன்னலில் தெரிவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு குறைவு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். 1982-ல் வந்து, நம் ஊர் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பலரின் தோளில் தொங்கிய நிக்கான் எஃப்.எம்.2 காட்டுவது 93 சதவீதம். நீளத்தில் 93, அகலத்தில் 93. பரப்பளவாகக் கணக்குப் போட்டால் 86 சதவீதம் சொச்சம்தான். அதாவது படத்தில் ஏழில் ஒரு பங்கை, எடுக்கும்போது அவர் பார்க்கவே இல்லை!

அது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். சுற்றிலும் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. நெகட்டிவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கோடு. ஆனால் ராஜகோபுரத்தை வைத்து அளந்தால் கதை வேறு.

ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, அடிவாசல் ஜன்னலின் கீழ்க்கோட்டில் உட்கார, கலசம் மேல்கோட்டைத் தொட, சரியாக நிறைத்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண 50 மி.மீ. லென்ஸ் என்றால் நூறு மீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டியிருக்கும். 93 சதவீத ஜன்னலில் 217 அடி நிறைந்தால், ஃபிலிமில் விழுவது 233 அடி. மேலே எட்டடி வானம், கீழே எட்டடி தெரு. கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் கணக்கு முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் ஏறக்குறைய இதுதான். மேலே வரும் வானத்தால் தொல்லை இல்லை. கீழே வரும் எட்டடியில் ஒரு ஆட்டோ நிற்கும். ஆட்டோ மேல் ஒரு பேனரும் நிற்கும்.

இந்த ஊர் சங்கதி தெரிந்தவர்களுக்குப் பௌர்ணமியன்று அந்த எட்டடிக்குள் என்னவெல்லாம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

முழுசாகக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? காசு குறைந்துவிடும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிட, அது ஒரு தேய்த்த கண்ணாடித் தகட்டில் காட்சியாக விழுந்து, அதற்கு மேலிருக்கும் பட்டகம் வழியாகக் கண்ணுக்கு வருகிறது. எஸ்.எல்.ஆர். கேமராவின் கூம்புத் தலைக்குள் இருப்பது அந்தப் பட்டகம். முழுக் காட்சியும் தெரிய வேண்டுமானால் கண்ணாடியும் பட்டகமும் பெரிதாக வேண்டும், எடை கூடும். அதோடு ஜன்னலின் விளிம்பும் ஃபிலிமின் விளிம்பும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். அந்த நுணுக்கம் விலையில் ஏறும். 1959-ல் வந்த நிக்கான் எஃப், 1980-ல் வந்த எஃப்-3 போன்றவை முழுசாகவே காட்டின. அவை தொழில்காரர்களுக்கான கேமராக்கள். விலையும் தொழில்காரர்களுக்கானது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கேட்டால் கம்பெனிகள் மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் தணியும். அந்தக் காலத்தில் நிறைய பேர் ஸ்லைடு எடுத்தார்கள். ஸ்லைடைச் சுற்றி ஒரு அட்டைச் சட்டம் போடுவார்கள். அது நாலு ஓரத்தையும் கொஞ்சம் மூடிவிடும். பிரிண்ட் போடும் மெஷினும் வெள்ளை விளிம்பு விழாமல் இருக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும். எப்படியும் போகப் போகிற ஓரத்தை எதற்குக் காட்ட வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஜன்னல் மறைத்ததை மெஷின் வெட்டியது. இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சரி. கல்யாண ஆல்பங்களில் பாதிப் பேர் பிழைத்தது இப்படித்தான். இன்று லேபில் ஓரம் வெட்டாமல் முழு நெகட்டிவையும் ஸ்கேன் செய்து அனுப்பும்போது, இத்தனை நாள் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வருகிறது.

மறைப்பதில் மன்னாதி மன்னன், சோவியத் யூனியனிலிருந்து வந்த ஜெனிட்-இ. இரும்புக் குண்டு மாதிரி கேமரா, கீழே விழுந்தால் தரைதான் உடையும். அதன் ஜன்னல் காட்டியது 24-க்கு 36-ல் வெறும் 20-க்கு 28 மி.மீ. பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருட்டில் இருந்தது. ஜெனிட்டில் படமெடுத்துப் பழகியவர்கள், தெரிவதைவிடச் சுற்றிலும் ஒரு கட்டம் கூடவே வரும் என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். பழகிய பிறகு அது கஷ்டமில்லை. கேமராவை நண்பரிடம் இரவல் கொடுத்தால்தான் வம்பு.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. அதை நிறைய வீடுகளில் சுவரிலேயே பார்க்கலாம். கோயில் வாசலில் குடும்பம் வரிசையாக நிற்கும். நடுவில் தாத்தா, நெற்றிக்கு மேல் தலை இல்லாமல். எடுத்தவர் சித்தப்பாவாக இருப்பார். நாற்பது வருஷமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரைக் கேலி செய்வார்கள். பாவம், அவர் மேல் பாதித் தப்புதான்.

பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக்-3 போன்ற பெட்டி கேமராக்களில் லென்ஸ் ஓரிடம், பார்க்கிற ஓட்டை வேறிடம். சித்தப்பாவின் கண் லென்ஸுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயிருந்து பார்க்கிறது. தூரத்து மலைக்கு அந்தச் சில சென்டிமீட்டர் ஒன்றுமேயில்லை. கிட்டத்தில் நிற்கிற ஆளுக்கு அது பெரிய வித்தியாசம். கணக்கைப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ் ஒரு மீட்டர் தூரத்தில் பார்ப்பது 48 சென்டிமீட்டர் உயரம்தான். கண் 5 சென்டிமீட்டர் மேலே இருந்தால், பத்தில் ஒரு பங்கு கீழே நழுவிவிடும். ஓட்டை வழியே தலைக்கு மேல் தாராளமாக இடம் தெரியும். லென்ஸோ சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை முகத்துக்கு அருகே நீட்டி, பிறகு மறு கண்ணால் பார்த்தால் விரல் தாவுகிறதே, அதே விஷயம். கிட்டத்தில் எடுக்கும்போது கேமராவைத் துளி மேலே தூக்கிக்கொள்வதுதான் ஒரே வைத்தியம். ஸ்டூடியோக்களில் ஓடிய யாஷிகா போன்ற இரட்டைக் கண் கேமராக்களிலும் மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் எடுக்க; இதே பிரச்னை.

வேடிக்கை என்னவென்றால், மிகப் பழைய கேமராக்களுக்கு இந்தப் பிரச்னை கிடையாது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோயில்களைப் படமெடுத்தபோது கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பின்னால் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் காட்சியைப் பார்த்த பிறகுதான் எடுத்திருக்க முடியும். கண்ணாடி இருந்த அதே இடத்தில் நெகட்டிவை வைக்கும் முறை அது. காட்சி தலைகீழாகத் தெரியும், ஆனால் தெரிந்தது அத்தனையும் வரும். கேமராவைக் கையடக்கமாகச் சுருக்கியபோதுதான் பார்ப்பதும் எடுப்பதும் இரண்டாகப் பிரிந்தன.

அப்படிச் சுருக்கியதில் முதலிடம் ஜெர்மனியின் லைக்காவுக்கு. 1925-ல் விற்பனைக்கு வந்தது. அந்த லைக்காவோடு 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்தவர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான்.

உலகப் புகைப்படக்காரர்களில் முதல் வரிசையில் சொல்லப்படும் பிரெஞ்சுக்காரர். ராபர்ட் காப்பா போன்ற நண்பர்களோடு சேர்ந்து 1947-ல் மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவருடைய மனைவி ரத்னா மோகினி ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர். 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தியைச் சந்தித்துப் படமெடுத்துவிட்டுக் கிளம்பினார். சற்று நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அந்த இறுதி ஊர்வலப் படங்கள்தான் அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. பிறகு சீனா. அங்கே ஆட்சி மாறியதைப் படமெடுத்துவிட்டு மறுபடி இந்தியா. இப்படித்தான் ரமணாஸ்ரமம்.

இவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டவே கூடாது. நெகட்டிவில் என்ன இருக்கிறதோ அதுதான் படம். பத்திரிகைக்காரர்கள் கத்தரிக்கோலை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, நெகட்டிவைச் சுற்றியிருக்கும் வெற்று விளிம்பையும் சேர்த்து, படத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு வருமாறு பிரிண்ட் போடச் சொல்வார். இளவயதில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் படித்தவர். கோடும் கோணமும் ரத்தத்தில் ஊறியிருந்தன. ஓரத்தை ஒரு விரல்கடை நகர்த்தினால் உள்ளே இருக்கும் எல்லாமே இடம் மாறிவிடும் என்பது அவர் கட்சி.

சரி, அவர் கையிலிருந்த கருவி அவ்வளவு துல்லியமானதா? இல்லை. அதுதான் இதில் சுவாரஸ்யம். 1950-ல் இருந்த லைக்காவில் பார்க்கிற ஜன்னல் லென்ஸுக்கு மேலே தனியாக இருந்தது, நம் சித்தப்பாவின் கேமராவைப் போலவே. கிட்டத்தில் போனால் நழுவும். தூரத்துக்கு ஏற்றபடி சட்டத்தைத் தானே நகர்த்திக்கொள்ளும் லைக்கா எம்-3, 1954-ல்தான் வந்தது. அதிலும்கூட ஒரு குறை. ஜன்னலுக்குள் தெரியும் வெள்ளைக்கோட்டுச் சட்டம் கிட்டத்துக் காட்சிக்கு அளந்து வரைந்தது. தூரத்தில் எடுத்தால் கோட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சம் உள்ளே வந்துவிடும்.

இத்தனைக்கும் அவர் தன் படத்தை உடனே பார்க்கவும் முடியாது. இந்தியாவிலும் சீனாவிலும் எடுத்த ரோல்களைக் கழுவாமலே மேக்னம் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். பாரிஸிலோ நியூயார்க்கிலோ யாரோ கழுவி, யாரோ தேர்ந்தெடுத்து, பத்திரிகையில் வந்த பிறகு தன் படத்தைத் தானே பார்த்த சந்தர்ப்பங்கள் உண்டு. கல்லூரிப் பெண்ணுக்குப் பத்து நாள். இவருக்கு மாதக்கணக்கு.

ரமணாஸ்ரமத்தில் அப்போது நிலைமை வேறு மாதிரி இருந்தது. மகரிஷியின் இடது கையில் வந்த புற்றுநோய்க் கட்டிக்கு 1949-ல் மட்டும் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உடம்பு மெலிந்துவிட்டது. சின்ன அறை ஒன்றில் இருந்தார். வெளியே பக்தர்கள் வரிசை வரிசையாக வந்து, ஒரு கணம் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். இந்த இடத்தில், ‘கொஞ்சம் இப்படித் திரும்புங்கள், இன்னொன்று எடுத்துக்கொள்கிறேன்’ என்று யாரும் கேட்க முடியாது. கார்ட்டியர் பிரெஸ்ஸான் ஃப்ளாஷ் போடாதவர். கேமராவின் பளபளப்புக்கூடக் கண்ணை உறுத்தக் கூடாது என்று அதன் வெள்ளிப் பாகங்களில் கறுப்பு டேப் ஒட்டிவைத்தவர். மகரிஷியின் கடைசி நாட்களையும், அதன் பிறகு ஆஸ்ரமத்தில் நடந்தவற்றையும் அவர் எடுத்த படங்கள் இன்று உலகம் முழுக்கப் பார்க்கக் கிடைக்கின்றன. ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு மகரிஷி உடலை நீத்தார். இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று அந்த அறையில் இருக்கவில்லை.

ஜன்னல் காட்டாததை அவர் எப்படிச் சமாளித்தார்? இதில் ரகசிய வித்தை எதுவும் இல்லை. வாழ்நாளில் பெரும்பகுதி ஒரே லென்ஸ், 50 மி.மீ. லென்ஸ். காலையில் எழுந்ததிலிருந்து கையில் அதே கேமரா. இரண்டு மீட்டரில் நின்றால் அந்த லென்ஸ் ஒரு மனிதரை எந்த இடத்தில் வெட்டும், ஐந்து மீட்டரில் எவ்வளவு சுவர் உள்ளே வரும் என்பது ஜன்னலைப் பார்க்காமலே தெரிந்துவிடும். பஸ் டிரைவருக்கு வண்டியின் பின்மூலை எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லையா? தேரடி வீதியில் அத்தனை கூட்டத்தில் வண்டியைத் திருப்புகிறவர், திரும்பிப் பார்த்தா திருப்புகிறார்? நாளுக்கொரு லென்ஸ் மாட்டிக்கொண்டு அலைகிற யாருக்கும் இந்தப் பழக்கம் வராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவருக்கும் தவறியிருக்கிறது. பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டிக் குதிக்கும் படம். 1932-ல் எடுத்தது, அவருடைய படங்களிலேயே அதிகம் பேர் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும். அதைப் பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்தார். இடுக்கு லென்ஸ் அளவுக்கு அகலமாக இல்லை. நெகட்டிவின் இடது ஓரத்தில் பலகை வந்து உட்கார்ந்துவிட்டது. வெட்டவே கூடாது என்ற மனிதர் அந்தப் படத்தை வெட்டித்தான் வெளியிட்டார். அதை அவரே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக, கந்தாஸ்ரமப் பாதையில் கிளையும் தோள்பையும் வந்ததற்குக் கல்லூரிப் பெண் ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

ஆனால் கையிலிருக்கும் கேமரா எதை மறைக்கிறது என்று தெரிந்துகொள்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. காசு செலவில்லை.

சுவரில் கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றை வெயில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். கேமராவில் ஃபிலிம் இருக்கக் கூடாது. மேஜை மேல் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் கேமராவை ஆடாமல் வைத்து, ஜன்னலின் நாலு விளிம்பும் காலண்டர் கட்டங்களின் ஏதாவது கோட்டோடு ஒட்டி நிற்குமாறு சரிசெய்ய வேண்டும். பிறகு பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் பாதையில் டிரேசிங் பேப்பர் துண்டு ஒன்றை விறைப்பாக ஒட்ட வேண்டும். ஷட்டர் வேகத்தை ‘பி’ என்ற எழுத்தில் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பார்த்தால், பேப்பரில் காலண்டர் தலைகீழாகத் தெரியும். பழைய ஸ்டூடியோக்காரர் மாதிரி தலைக்கு மேல் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஜன்னலில் தெரிந்ததைவிட எந்தப் பக்கம் எத்தனை தேதி கூட வந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: உள்ளே இருக்கும் ஷட்டர் திரையில் விரல் படக் கூடாது. பட்டால் தாத்தா கேமராவுக்கு அதோடு சரி.

இதைச் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். நாலு பக்கமும் சமமாக மறைந்திருக்காது. முப்பது நாற்பது வருஷம் உழைத்த கேமராவில் கண்ணாடி துளி இறங்கியிருக்கும், தகடு துளி நகர்ந்திருக்கும். மேலே ஒன்றுமே மறையாமல், இடது பக்கம் மட்டும் தாராளமாக மறைவது சகஜம். புத்தகத்தில் போட்டிருக்கும் 93 சதவீதம் புதுக் கேமராவுக்கு.

‘பி’ இல்லாத தானியங்கிக் கேமரா என்றால் ஒரு படத்தைத் தியாகம் செய்ய வேண்டியதுதான். காலண்டரை எடுத்து, கழுவிய பிறகு நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பிரிண்டைப் பார்த்துப் பயனில்லை. அதில் ஏற்கெனவே ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். கிடைத்த கணக்கை ஒரு சின்னக் காகிதத்தில் எழுதிக் கேமராவின் அடிப்பாகத்தில் ஒட்டிவைத்தால் இரவல் வாங்குகிறவருக்கும் உதவும்.

கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். கண்ணுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கண்ணாடி வந்துவிடுவதால், ஜன்னல் காட்டுகிற 93-லும் மூலைகள் தெரியாமல் போகும். நடுவில் பார்ப்பதோடு நிறுத்தாமல், கேமராவை அசைக்காமல் தலையை மட்டும் லேசாக நகர்த்தி நாலு மூலையையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். இது எல்லோருக்கும் நல்லதுதான். மனிதக் கண் பிடித்த முகத்தைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடும். ஓரத்தில் யாருடைய முழங்கை வருகிறது என்று தானாகப் பார்க்காது.

கார்த்திகை தீபத்தன்று இது இன்னும் சிக்கல். மாலை ஆறு மணி. அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போகும் அந்தச் சில நிமிஷத்தில், 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும். ஊரே ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்று ஒரே குரலில் எழும். ஜன்னலுக்குள் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம், சுற்றிலும் கும்மிருட்டு. விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. தெருவிளக்குக் கம்பம், கேபிள் ஒயர், பக்கத்து மாடியில் கைகூப்பி நிற்கிறவரின் தலை எல்லாம் அந்த இருட்டுக்குள் ஒளிந்திருந்து, படத்தில் மட்டும் வந்து நிற்கும். விஷயம் தெரிந்தவர்கள் நாலு மணிக்கே மாடி ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே சட்டத்தை முடிவுசெய்து, ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டிவிடுவார்கள். கம்பம் ஜன்னலுக்கு வெளியே ஒரு விரல்கடை தள்ளி இருந்தால் போதாது, இரண்டு விரல்கடை இருக்க வேண்டும். பிறகு ஆறு மணிக்கு ஜன்னலில் கண் வைக்க வேண்டியதில்லை. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, மலையையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியும் கம்பம் வந்துவிட்டால் மறுநாள் மாலை அதே மாடிக்குப் போகலாம். தீபம் பதினோரு நாள் எரியும்.